தண்ணீர் குடிக்காத வாயு

இருபத்தாறு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். செதீஃப் நகரத்துக்குத் தெற்கே, காற்றுக்கும் கோதுமைக்கும் மட்டுமே பேர்போன ஒரு சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளியில். என் பெயர் வர்தியா. பிள்ளைகள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வினிகர் என்பார்கள். அந்தப் பெயர் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது இல்லை.

எங்கள் ஊரில் குளிர் நவம்பரில் வந்து உட்கார்ந்தால் ஏப்ரல் வரை எழுந்திருக்காது. வீட்டுக்கு கேஸ் இணைப்புக் கொடுக்க வரும் ஆள் முதலில் பார்ப்பது, சுவரில் காற்றுத் துளை இருக்கிறதா என்பதைத்தான். அவர் வருகிற காலையில் தெருவே துளையைத் திறந்து வைத்திருக்கும். அவர் கையெழுத்துப் போட்டு, வண்டி ஏறி, முனை திரும்புவதற்குள் பழைய கம்பளியையோ கோணியையோ சுருட்டித் திணித்துவிடும். இதில் படித்தவர் படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது. என் சமையலறைத் துளையில் என்னுடைய பழைய ஸ்வெட்டர் ஒன்று ஆறு வருடம் இருந்தது.

ஹீட்டர் பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைப்பதும் எங்கள் வழக்கம். அறை வறண்டு போகாமல் இருக்க என்பார்கள் சிலர். விஷவாயுவைத் தண்ணீர் குடித்துவிடும் என்பார்கள் பலர். நான் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை. என் வீட்டிலும் ஒரு பாத்திரம் இருந்தது, அம்மா வைத்தாள் என்பதற்காக.

சகப்பிணைப்புப் பாடம் எனக்குப் பிடித்த பாடம். சில ஆசிரியர்கள் அதைக் கல்யாணத்தோடு ஒப்பிடுவார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அணுக்களுக்கு அன்பும் இல்லை, மாமியாரும் இல்லை. எங்கள் பள்ளியில் பாடப்புத்தகம் எப்போதும் பற்றாக்குறை, ஒரு பெஞ்சுக்கு ஒன்றுதான் கிடைக்கும். அதை வைத்துத்தான் நான் சொல்லிக்கொடுப்பேன்.

"உன்கிட்ட அரைப் புத்தகம், அவகிட்ட அரைப் புத்தகம். தனித்தனியா வெச்சிருந்தா ரெண்டு பேரும் ஃபெயில். ஒட்டவெச்சு நடுவுல விரிச்சு வெச்சா, உனக்கும் முழுப் புத்தகம், அவளுக்கும் முழுப் புத்தகம். எலெக்ட்ரானும் அப்படித்தான். ரெண்டு ஹைட்ரஜன், ஆளுக்கு ஒண்ணு போட்டு ஒரு ஜோடி ஆக்கிக்கும். அந்த ஜோடியை ரெண்டுமே தன்னோட கணக்குல சேர்த்துக்கும். அந்த ஜோடி நடுவுல இருக்கற வரைக்கும் ரெண்டும் பிரியாது."

அடுத்த படி, பலம். ஒரே மாதிரி இரண்டு அணு என்றால் புத்தகம் சரியாக நடுவில் இருக்கும். வேறு வேறு அணு என்றால் பலசாலி தன் பக்கம் இழுத்துக்கொள்வான். பங்கு சமமில்லாமல் போகும். ஒரு பக்கம் கொஞ்சம் எதிர்மின், மறுபக்கம் கொஞ்சம் நேர்மின். தண்ணீர் மூலக்கூறும் அப்படிச் சாய்ந்ததுதான் என்பதால், சாய்ந்த மூலக்கூறுகளை அது பிடித்து இழுத்துக்கொள்ளும். இதைக் காட்டத்தான் அம்மோனியா ஊற்று. குடுவை நிறைய அம்மோனியாவைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே தண்ணீர் வைத்தால் போதும். அவ்வளவு வாயுவையும் தண்ணீர் விழுங்கிவிடும், காலியான குடுவைக்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஏறும். சாயம் கலந்திருந்தால் இளஞ்சிவப்பாக ஏறும். முப்பத்தாறு பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் என்னை யாரும் வினிகர் என்று சொல்வதில்லை.

இந்த ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை அதைச் செய்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் வாசலுக்கு முண்டினார்கள். நான் குடுவையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். பள்ளியில் மிச்சமிருக்கிற ஒரே உருண்டைக் குடுவை அது, உடைந்தால் அடுத்தது எந்தக் காலத்தில் வருமோ தெரியாது. சுந்துஸ் மட்டும் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். சுவர் பூசுகிற அம்மாரின் மூத்த மகள், பதினாறு வயது. எல்லாக் கேள்வியையும் மணி அடித்த பிறகே கேட்பவள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"மணி அடிச்சப்புறம் எனக்குக் காது கேக்காது."

"பாதிக் காது போதும் மேடம். ஹீட்டர்லேர்ந்து வருமே விஷவாயு, அது கார்பனும் ஆக்ஸிஜனும் சேர்ந்ததுதானே?"

"கார்பன் மோனாக்சைடு. ஆமா."

"ரெண்டும் வேற வேற அணு. ஆக்ஸிஜன் பலசாலி, தன் பக்கம் இழுத்துக்கும். சமமில்லாத பங்கு. அப்ப அதையும் தண்ணி இழுத்துக்குமா, இந்த அம்மோனியா மாதிரி?"

குடுவையின் கழுத்தில் துணி நிற்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதேதான், அதேதான். புரிஞ்சிடுச்சில்ல, ஓடு."

"ரொம்ப தாங்க்ஸ் மேடம். வீட்ல ஒரு பெரிய சண்டை தீந்துச்சு."

என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

வியாழக்கிழமை எல்லாருடைய நோட்டையும் வாங்கிக்கொண்டேன், திருத்துவதற்கு. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, காலைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு, முப்பத்தாறு நோட்டையும் சிவப்பு மையால் திருத்தி முடித்தேன். சுந்துஸின் நோட்டும் அதில் இருந்தது. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ரொட்டிக்கடை வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. அம்மாரும் மனைவி ஹூரியாவும் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சுந்துஸ் வீட்டில் தங்கிவிட்டாள். சமையலறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு அவர்கள் திரும்பியபோது மேஜைமேல் தலை வைத்துத் தூங்குகிற மாதிரி இருந்தாளாம். தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை. புகைக்குழாயில் பனி அடைத்திருந்தது, சுவர்த் துளையில் சிமெண்டுச் சாக்கு அடைத்திருந்தது.

"கன்னம் ரோஜாப்பூ மாதிரி இருந்துச்சாம்," என்றாள் எனக்கு முன்னால் நின்றவள். "உயிரோட இருக்கான்னே நெனச்சாங்களாம்."

அந்த விஷவாயு ஏறிய ரத்தம் அப்படித்தான் சிவக்கும் என்று அந்த வரிசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ரொட்டி வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அவளுடைய நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதெல்லாம் வரிசையாக இருந்தது. அதற்கும் கீழே, அவளாக எழுதிய நான்கு வரிகள். ‘கார்பன் மோனாக்சைடு: வெவ்வேறு அணுக்கள். எனவே பங்கு சமமில்லை. எனவே தண்ணீரில் கரையும். மேடத்திடம் கேட்டு உறுதி செய்தது.’ அந்த வரிகளுக்குப் பக்கத்தில் என் சிவப்பு டிக். படிக்காமலே போட்ட டிக். அவள் மேஜைமேல் தலை சாய்த்த அதே மதியம் போட்டது.

ஒரு தாளை எடுத்து நானே வரைந்து பார்த்தேன். கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான், ஆக்ஸிஜனுக்கு ஆறு. இரண்டுக்கும் எட்டு வேண்டும். ஆளுக்கு இரண்டு போட்டு இரண்டு ஜோடி ஆக்கினால் ஆக்ஸிஜனுக்கு எட்டு வந்துவிடுகிறது, கார்பனுக்கு ஆறுதான். அதனால் ஆக்ஸிஜன் தன் கையிலிருந்தே இன்னொரு முழு ஜோடியை எடுத்து நடுவில் வைக்கிறது. இப்போது மூன்று ஜோடி. ஆக்ஸிஜன் பலசாலிதான், தன் பக்கம் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் தானாகக் கொடுத்த அந்த ஜோடியால் கார்பன் பக்கமும் நிறைந்துவிடுகிறது. இழுத்ததும் கொடுத்ததும் கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. சாய்வு இல்லை என்றே சொல்லலாம். தண்ணீருக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

பாடப்புத்தகத்தின் விதி பொய்யில்லை. இந்த ஒரு மூலக்கூறிடம் அது தவறிப்போகிறது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளைகூட அதை இந்த மூலக்கூறோடு பொருத்திப் பார்த்ததில்லை. பொருத்திப் பார்த்த ஒருத்திக்கு நான் அதேதான் அதேதான் என்றேன். என் தொழிலில் எனக்கு வந்த மிக நல்ல கேள்வி அது. அன்று நான் அழவில்லை. எனக்குப் பயம்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். பெண்கள் அறையில் சுவரோரமாக மெத்தை போட்டிருந்தார்கள். ஹூரியா நடுவில் உட்கார்ந்திருந்தார். குள்ளமான, திடமான பெண். பக்கத்துப் பள்ளியில் சமையல் வேலை செய்பவர். அழுது முடித்து முகம் வற்றிப்போயிருந்தது. வீட்டு ஆண்கள் முற்றத்தில் இருந்தார்கள். அம்மாரை அங்கே காணவில்லை. வாசலில் செருப்பு விடும்போது கேரேஜுக்குள் பூச்சுமாவு மூட்டைகளுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன், அது அவர்தான் என்று உள்ளே வந்தபிறகே உறைத்தது.

"ஊர் பூரா துளை விட்டுப் பூசறவன்," என்றார் ஹூரியாவின் சின்னம்மா, என் காதோரமாக. "தன் வீட்டுத் துளையில சாக்கை அடைச்சிருக்கான். அதைவிடக் கொடுமை, இப்ப அந்தப் பொண்ணு மேலயே பழி போடறான்."

"என்ன பழி?"

சின்னம்மா வாயைத் திறப்பதற்குள் ஹூரியாவே சொன்னார். அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"ஒரு மாசமா அவ நச்சரிச்சுட்டிருந்தா மேடம். பாபா, சாக்கை எடுங்க, சாக்கை எடுங்கன்னு. இவரு எடுக்கல. இப்ப சொல்றாரு, செவ்வாக்கிழமை சாயங்காலம் எடுக்கறதுக்கு ஸ்டூல் மேலயே ஏறிட்டாராம். அவதான் தடுத்தாளாம். ‘வேண்டாம் பாபா, காத்து நேரா தங்கச்சி மேல அடிக்குது, அவளுக்கு இருமல். தண்ணிப் பாத்திரம் வெச்சா போதும், மேடமே சொன்னாங்க’ன்னு சொன்னாளாம். நான் அப்ப வேலையில இருந்தேன், கேட்டது அவரு மட்டும்தானாம். செத்துப்போன பொண்ணு வந்து இல்லைன்னா சொல்லப்போறா?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சந்தேகத்தோடு இல்லை. இப்படி ஒரு மனிதன் உங்கள் பெயரையும் சேர்த்து இழுத்துவிட்டானே என்ற இரக்கத்தோடு. அவர் சொல்வது உண்மைதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது, நான் காப்பியைக் குடித்து அதை உள்ளே தள்ளிவிட்டேன்.

கிளம்பும்போது ஹூரியா என் கையைப் பிடித்தார். "அவ கெமிஸ்ட்ரி நோட்டு பையில இல்ல. உங்ககிட்ட இருக்கா மேடம்? அவ எழுதினது ஒரு துண்டுச் சீட்டுகூட நான் விடல. அது ஒண்ணுதான் கிடைக்கல."

"தேடிப் பாக்கறேன்," என்றேன்.

என் கைப்பைக்குள்தான் இருந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரையாது, எந்தப் பாத்திரமும் காப்பாற்றாது, வீட்டுக்குப் போய்த் துளையைத் திறங்கள், திறந்துவிட்டதாக அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள். முப்பத்தைந்து கையெழுத்தும் வந்தது. என் வீட்டு ஸ்வெட்டரையும் பிடுங்கிப் போட்டேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யார் கேட்டது, யார் தவறாகச் சொன்னது என்பதைமட்டும் வகுப்பில் சொல்லவில்லை. என் மனம் ஒரு நல்ல வக்கீல். சாக்கை அடைத்தது அவர், பனி அடைத்தது குழாயை, நீ சொன்னது இரண்டே வார்த்தை என்று வாதாடும். எல்லா வாதமும் சரியாகவே இருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை அம்மார் ஸ்டூல் மேல் ஏறினார் என்ற இடத்துக்கு வந்ததும் வக்கீல் வாயை மூடிக்கொள்வார்.

மூன்று வாரம் கழித்து, பள்ளி விட்டு நான் வெளியே வரும்போது அம்மார் கேட்டுக்கு எதிரே நின்றிருந்தார். கம்பளி அங்கியின் தொப்பியை இழுத்து விட்டிருந்தார், தாடியில் பூச்சுமாவு. கேரேஜிலேயே படுத்துக்கொள்கிறார், ஹூரியா அவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, காப்பிக்கடையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். துளையை அடைத்ததற்காக இல்லை. எல்லா வீட்டிலும் அடைத்ததுதான். பிள்ளை மேல் பழி போட்டதற்காக.

"மேடம், ஒரே ஒரு விஷயம்," என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணு உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா? தண்ணி, ஹீட்டர், அது பத்தி?"

பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். தலைமையாசிரியர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிறைய பிள்ளைங்க நிறைய கேப்பாங்க," என்றேன். "எனக்கு ஞாபகம் இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "அப்படியா. சரி மேடம். நான்தான் சரியா காதுல வாங்கலையோ என்னவோ," என்றார். வேலைசெய்து வெடித்த கையை மார்பில் வைத்து, மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் பொய் சொன்னதால் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு போகிற ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை நானே வெறுத்தேன். அப்போதும் கூப்பிடவில்லை.

நாற்பதாம் நாள் வந்தது. அன்று காலை அந்தக் கடைசித் தாளைக் கிழித்துவிட்டு நோட்டை ஹூரியாவிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பிளேடுகூட எடுத்து வைத்தேன். தாளை இழுத்துப் பிடித்தபோது, ‘மேடத்திடம் கேட்டு உறுதி செய்தது’ என்ற வரி விரலுக்கு அடியில் இருந்தது. வெட்ட முடியவில்லை. அப்படியே கொடுக்கவும் துணிவில்லை. ஒன்றையும் முடிவு செய்யாமல் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீடு நிறைய ஆட்கள். முற்றத்தில் ஆண்கள், உள்ளே நாங்கள், நடுவில் கதவு பாதி திறந்திருந்தது. ஓதி முடித்தார்கள். சமையலறையில், வேகவைத்த கோதுமை ரவையான குஸ்குஸ் தாம்பாளங்களில் கறியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது முற்றத்தில் பேச்சு நின்றது. அம்மாரின் குரல் கேட்டது. மேடைப் பேச்சு பழகாதவர், ஒவ்வொரு வார்த்தையும் தடுக்கித் தடுக்கி வந்தது.

"எல்லாரும் இருக்கீங்க. ஒண்ணு சொல்லிடறேன். சாக்கை எடுக்க வேண்டாம்னு பொண்ணு சொன்னான்னு நான் சொன்னேன்ல. அவ டீச்சர்கிட்டயே போய்க் கேட்டேன். அவங்களுக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல. அவங்க படிச்சவங்க. அப்ப பொய் என்னோடதுதான். என் பொண்ணு ஒண்ணும் சொல்லல. நான்தான் அடைச்சேன், நான்தான் எடுக்காம விட்டேன். அவ என்னை மன்னிக்கணும். ஹூரியா, நீயும் மன்னிச்சுடு."

"இப்பவாவது வாய் வந்துச்சே," என்றார் சின்னம்மா. ஹூரியா கண்ணை மூடினார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. நாற்பது நாளாக இறுக்கிப் பிடித்ததை இப்போதுதான் விடுகிறார் என்று தோன்றியது. இன்னும் சற்று நேரத்தில் எழுந்துபோய் அவரை மன்னித்துவிடுவார். எல்லாம் அடங்கிவிடும். நான் சும்மா இருந்தால் போதும். ஒரு பொய்யின்மேல் அந்தக் குடும்பம் திரும்ப ஒட்டிக்கொள்ளும், அந்தப் பொய்யைச் சொன்ன என்னை எல்லாரும் மேடம் என்பார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

"அவர் பொய் சொல்லல," என்றேன். "சுந்துஸ் என்னைக் கேட்டா. செவ்வாக்கிழமை, மணி அடிச்சப்புறம். அந்த வாயு தண்ணியில கரையுமான்னு கேட்டா. நான் ஆமான்னு சொன்னேன். தப்பாச் சொன்னேன். அம்மார் வந்து கேட்டப்ப ஞாபகம் இல்லைன்னு சொன்னேன், அதுவும் பொய். நோட்டு எங்கிட்டதான் இருந்துச்சு, முதல் நாள்லேர்ந்து."

பையிலிருந்து எடுத்து ஹூரியாவின் மடியில் வைத்தேன். முற்றத்தில் இருந்தவர்களுக்கும் கதவு வழியாக எல்லாம் கேட்டிருக்கும்.

"எல்லாம் மேல இருக்கறவன் எழுதினது, அந்தப் பொண்ணோட ஆயுசு அவ்வளவுதான்," என்று சின்னம்மா ஆரம்பித்தார்.

"சின்னம்மா, சும்மா இருங்க," என்றார் ஹூரியா. என்னைப் பார்க்காமல் நோட்டின் அட்டையையே தடவிக்கொண்டிருந்தார். "தண்ணி ஏன் குடிக்கல அதை? அன்னிக்குப் பாத்திரம் நிறையத்தான் இருந்துச்சு. நான் கையால தொட்டுப் பாத்தேன்."

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று ஒரு தாய்க்கு நடத்தினேன்.

"ரெண்டு பேர் ஒரே போர்வையில படுத்திருக்காங்கன்னு வைங்க. ஒருத்தன் பலசாலி, இழுத்துப்பான். மத்தவனுக்கு ஒரு பக்கம் திறந்து கிடக்கும். அந்தத் திறந்த பக்கத்தைத்தான் தண்ணி பிடிக்கும். நான் வகுப்புல காட்டின வாயு அந்த மாதிரி. ஆனா இந்த வாயுவுல, பலசாலி ஆக்ஸிஜன், மத்தவன் கார்பன். அது போர்வையை இழுக்கும், இழுத்துட்டு தன்னோட சொந்தப் போர்வை ஒண்ணையும் எடுத்து கார்பன் மேல போட்டுடும். ரெண்டு பக்கமும் மூடிப்போயிடும். தண்ணி வந்து தொட்டா பிடிக்க இடமே இருக்காது."

"அப்ப பொண்ணை மட்டும் எப்படிப் பிடிச்சுது?"

"நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கு. மூச்சை அதுதான் சுமக்கும். இந்த கார்பன்கிட்ட யாருக்கும் குடுக்காத ஒரு ஜோடி மிச்சம் இருக்கு. அதை அந்த இரும்புக்குக் குடுத்து ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா லேசுல விடாது. மூச்சுக்கு இடம் இருக்காது." பிறகு சொன்னேன், "வலிக்காது. தலை கனக்கும், தூக்கம் வரும். அவ்வளவுதான்." அது உண்மை என்றுதான் நம்புகிறேன். தலைவலி எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஹூரியா தலையாட்டினார். கடைசிப் பக்கத்தை அவரே தேடிப் பிரித்தார். மகளின் எழுத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, என் சிவப்பு டிக்கைத் தாண்டி, அடியில் வட்டம் போட்டிருந்த எண்ணில் நிறுத்தினார்.

"இது மார்க்கா?"

"ஆமா. இருபதுக்குப் பத்தொன்பது."

"ஒண்ணு எதுக்குக் குறைச்சீங்க?"

எனக்குத் தெரியும். அந்த நாற்பது நாளும் அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகியிருந்தது.

"தலைப்புக்கு அடியில கோடு ஸ்கேல் வெச்சுப் போடல," என்றேன். "வெறும் கையால போட்டிருந்தா. கோணலா இருந்துச்சு."

ஹூரியா முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதைப் பாத்திருக்கீங்க," என்றார்.

பிறகு எழுந்தார். நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, ஆண்கள் இருக்கிற முற்றத்துக்கு நேராக நடந்தார். யாரோ தடுக்கக் கை நீட்டினார்கள், அவர் கவனிக்கவில்லை. கதவு வழியாகப் பார்த்தேன். அம்மாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முழங்கால்மேல் வைத்தார். "எம் பொண்ணு சொன்னதைத்தான் நீங்க சொல்லியிருக்கீங்க," என்றார். அம்மார் அந்த நான்கு வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்பது நாளாக அந்த மனிதர் அழவேயில்லை என்று ஊரில் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொய்யன் என்று சொன்ன ஆண்களெல்லாம் சுற்றி நின்று கேட்டார்கள்.

நான் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டேன். குஸ்குஸ் தாம்பாளங்கள் அறைக்குள் வந்துகொண்டிருந்தன. நாற்பதாம் நாள் வீட்டிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் எங்கள் ஊரில் யாரையும் போக விடமாட்டார்கள், வழியில் போகிற அந்நியனைக்கூடக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். தாம்பாளம் தூக்கி வந்த பெண் நான் வெளியே போக வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். வாசலில் குனிந்து செருப்பு மாட்டினேன். என்னை யாரும் தடுக்கவில்லை.